வெள்ளத்துரை இறைத்த தண்ணீர்

இதனை எழுதத் துணிந்தமைக்காக முதற்கண் வாசகப் பெருமக்களிடம் மன்னிப்புக் கோருவதே முறையாகும். சட்டம் பயின்றவர்கள் இதில் பிழை காணக்கூடும். கமலை இறைத்தவர்கள் அதனினும் அதிகமாகக் காணக்கூடும். இரு சாராரும் பொறுத்தருள வேண்டும். கதை சொல்லிப் பழக்கமில்லாத கை இது. நடந்தவற்றை நடந்த வரிசையில் வைப்பதற்கு மட்டுமே முயன்றிருக்கிறது.

சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் செல்லும் சாலையை ஒட்டி, பஸ் நிற்காத ஊர் ஒன்றில், சண்முகையாவுக்கும் வெள்ளத்துரைக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. கரண்டு மோட்டார் வைக்கும் வசதி இருவருக்கும் இல்லை. மாடுகள் சரிவில் இறங்கி வடக் கயிற்றை இழுக்க, சால் என்ற பெரிய வாளி தண்ணீரை மேலே கொண்டுவரும் கமலைதான். கமலைக்கு இரண்டு மாடுகள் வேண்டும். இவர்களிடமோ ஆளுக்கொரு மாடுதான் இருந்தது. ஆகவே சண்முகையாவின் சாம்பல் நிற மயிலைக் காளையும் வெள்ளத்துரையின் சிவந்த செவலைக் காளையும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டன. விடிந்ததிலிருந்து உச்சிவரை ஒருவர் தோட்டத்துக்குத் தண்ணீர். உச்சியிலிருந்து பொழுது சாயும்வரை மற்றவருக்கு. அந்த மாடுகளும் கன்றிலிருந்தே ஒன்றாகப் பழகியவை. ஒன்றில்லாமல் மற்றது ஓரடி எடுத்து வைக்காது.

வெள்ளத்துரை வயதில் இளையவன். சண்முகையாவை அண்ணாச்சி என்பான். அவர் மனைவி இசக்கியம்மாளை மதினி என்பான். இரத்த உறவு கிடையாது. கிணறு உண்டாக்கிய உறவு அது.

எழுபத்தெட்டாம் வருடம் பங்குனி மாதத்தில் வெயில் பிந்திய மிளகாய்ப் பயிரை வாட்டி எடுத்தது. உச்சி தாண்டியும் சண்முகையா மாட்டை அவிழ்க்கவில்லை. வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்த வெள்ளத்துரை, அரிவாளும் கையுமாகக் கிணற்றடிக்கு வந்து நின்றான். வாய்க்காலில் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்த இசக்கியம்மாளுக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது.

"ஏலே, இன்னும் நாலு சாலு. அதுக்குள்ள ஒன் தோட்டம் ஒண்ணும் தீப்பிடிச்சிராது."

"நேத்தும் நாலு சாலு, முந்தாநேத்தும் நாலு சாலு. கெணறு என்ன ஒம்ம அப்பன் ஒத்தையில வெட்டுனதா வே?"

அண்ணாச்சி என்று அழைத்த வாய் 'வே' என்றது அன்றுதான். பதிலுக்குச் சண்முகையா, வெள்ளத்துரையின் தகப்பனாரைப் பற்றி ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுதுவது பண்பாகாது. அரிவாள் இறங்கியது. தடுக்க நீட்டிய வலது கை, முழங்கைக்குக் கீழே தொங்கியது.

வெட்டியவனே தன் துண்டைக் கிழித்துக் கட்டினான். வெட்டியவனே வண்டி பூட்டிச் சாலைக்குக் கொண்டு சேர்த்தான். திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் தொங்கிய பகுதியையும் எடுத்துவிட்டார்கள். போலீசார் வந்தபோது, "நாந்தான்யா" என்று வெள்ளத்துரை கைகளை நீட்டினான். ஒரு மாதம் கழித்து ஜாமீனில் வந்தான்.

அதற்குள் மிளகாய்ச் செடி பாதி சுருண்டுவிட்டது. சாலில் கட்டிய வால் கயிற்றைச் சரியான நேரத்தில் விட்டுப் பிடித்து, வடத்தின்மேல் உட்கார்ந்து மாட்டைப் பள்ளத்தில் இறக்கி, பிறகு பின்னோக்கி ஏற்ற வேண்டும். ஒற்றைக் கையால் நடக்கிற வேலை அல்ல. அக்கம்பக்கத்தார் சில நாட்கள் வந்து இறைத்துக் கொடுத்தார்கள். பிறகு அவரவர் தோட்டம் அவரவரைக் கூப்பிட்டது.

ஊர் மடத்தில் கூட்டம் போட்டார்கள். பெரியவர் ஆறுமுகச்சாமி நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லு தாயி. ஒனக்கு என்ன வேணும்?" என்று இசக்கியம்மாளைக் கேட்டார்.

"இவன் செயிலுக்குப் போவணும். களி திங்கணும். இவன் பொண்டாட்டி நான் அழுத மாதிரி அழணும்."

வெள்ளத்துரையின் மனைவி பேச்சித்தாய் ஓரத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"போவட்டும். போனா, ஒம் மொளகாய்க்கு யாரு தண்ணி பாச்சுவா? மாஜிஸ்ட்ரேட்டு வந்து வடத்துல ஏறி உக்காருவாரா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அப்போது பிச்சையா எழுந்து பெரியவரைப் பார்த்தார். ஊரில் எதற்கும் குறுக்கே பேசுகிறவர் என்று அவருக்குப் பெயர் உண்டு.

"அண்ணாச்சி, சிரிக்காதியும். வெட்டுனவன் கமலை இறைச்சாப் போதும்னு நீரு இன்னைக்குச் சொல்லுதீரு. நாளைக்கு எவனுக்கு எவன் மேல கோவம் வந்தாலும், வெட்டிப்போட்டு, நான் மாடு பத்துதேன், நான் வரப்பு வெட்டுதேன்னு வந்து நிப்பான். ஊரு தாங்குமா வே?"

"அப்ப நீரு வந்து இறையும்" என்றார் ஆறுமுகச்சாமி.

"எனக்கு இடுப்பு வலி."

"நல்ல இடுப்பு வே ஒமக்கு. நியாயம் பேசும்போது வலிக்கறதில்ல."

மறுபடி சிரிப்பு எழுந்தது. இசக்கியம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பிச்சையா சொன்னது சரி என்றே அவளுக்குத் தோன்றியது. ஆறுமுகச்சாமி சொன்னதும் சரி என்று தோன்றியது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அதுவரை பேசாமலிருந்த சண்முகையா சொன்னார்: "செயிலுக்குப் போனா இவன் அங்கன சும்மா உக்காந்திருப்பான். நான் இங்கன சும்மா உக்காந்திருப்பேன். ரெண்டு பேரும் சும்மா உக்காரதுல எனக்கு என்ன லாவம்? இறைக்கட்டும்."

ஊர் தீர்ப்புச் சொன்னது: வெள்ளத்துரை முதலில் சண்முகையாவின் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும், மிஞ்சிய பொழுதில்தான் தன் தோட்டத்துக்கு. சண்முகையா உயிரோடு உள்ளவரை இதுவே ஏற்பாடு. வெள்ளத்துரை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, "சரி" என்றான். அந்த ஒரு சொல்தான்.

மறுநாள் விடியும் முன்பே மாடு பூட்டிவிட்டான்.

கமலை இறைப்பவனுக்குத் தோட்டக்காரர் வீட்டுக் கஞ்சி. அந்தப் பக்கத்து வழக்கம் அது, மறுப்பதற்கில்லை. இசக்கியம்மாள் கம்பங்கஞ்சியும் வெங்காயமும் கொண்டுபோய்க் கல்லின்மேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாள். பேசமாட்டாள். கஞ்சியில் உப்புப் போடமாட்டாள். அந்த ஓர் இடத்தில் மட்டும் ஊரின் தீர்ப்போடு தன் தீர்ப்பையும் அவள் சேர்த்துக்கொண்டாள். தன் வீட்டு உப்பு அவன் உடம்பில் ஏறக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

வெள்ளத்துரை குடித்துவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவான்.

கார்த்திகையில் ஒரு நாள், வரப்பில் உட்கார்ந்திருந்த சண்முகையாவுக்குப் பசித்தது. வெள்ளத்துரைக்கு வைத்திருந்த சட்டியை எடுத்து ஒரு வாய் குடித்தவர், துப்பினார்.

"ஏட்டி இசக்கி! கஞ்சியில உப்பு இல்ல."

"ஒமக்கு வீட்டுல வச்சிருக்கதுல இருக்கு."

சண்முகையா மெதுவாக வெள்ளத்துரையைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, எத்தன நாளா இப்பிடி?"

"மொதல்ல இருந்தே அப்பிடித்தான் அண்ணாச்சி."

"நீ கேக்க வேண்டியதுதானே?"

"என்னன்னு கேப்பேன்?"

அவன் வடத்தில் ஏறி உட்கார்ந்து மாட்டை அதட்டினான். சால் இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் சண்முகையா மனைவியிடம் கோபப்படவில்லை. "எதுக்குன்னு மட்டும் சொல்லிரு. அவனுக்கு நோவணும்னா? இல்ல, மறக்கக் கூடாதுன்னா?"

"மறக்கக் கூடாதுன்னு."

"எங் கைய தெனம் பாக்கான். அதவிட உப்பில்லாக் கஞ்சியா ஞாவகப்படுத்தப் போவுது?"

 உண்மையில் அவள், அவன் நோகட்டும் என்றுதான் செய்தாள். நோகச் செய்தால் தன் நோவு குறையும் என்று எண்ணியிருந்தாள், குறையவில்லை. யாரிடமும் சொல்லாமல் மறுநாள் உப்புப் போட்டாள். வெள்ளத்துரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சற்று நிறுத்தினான். பின்பு மீதியைக் குடித்தான். வழக்கம்போல் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தான்.

அந்த மாசியில் மிளகாய் நன்றாகக் காய்த்தது. களத்தில் பரப்பிய பழத்தைப் பேச்சித்தாயும் இசக்கியம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து காம்பு ஆய்ந்தார்கள். "யக்கா, ஒங்க பழம் நெறம் கூட" என்றாள் பேச்சித்தாய். "தண்ணி அப்பிடி" என்றாள் இசக்கியம்மாள். அவ்வளவு தூரம் வந்திருந்தது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, வழக்கு மறந்துபோயிருந்த சமயத்தில் சங்கரன்கோவில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. வெள்ளத்துரைக்கு வக்கீல் பவுல்பாண்டியன். ரத வீதியில் மாடியறை. சாட்சி சொல்ல வேண்டிய இசக்கியம்மாளும் அவள் கணவருமே எதிரியின் வக்கீலைத் தேடிப் போனது, அந்த மாடிப்படிக்குப் புதுமையாக இருந்திருக்க வேண்டும்.

"வெட்டுப்பட்டவரும் வெட்டுனவரும் ஒரே பஸ்ல வந்தீகளா?" என்றார் வக்கீல்.

"ஒரே சீட்டுல. இவனுக்குச் சன்னலு" என்றார் சண்முகையா.

வக்கீல் சிரித்துவிட்டு நேராக உட்கார்ந்தார். "கேளுங்க. இது சமாதானம் பண்ணி எழுதிக் குடுத்து முடிக்கிற செக்ஷன் இல்ல. நீங்க ராசியாப் போயிட்டோம்னு சொன்னாலும் கோர்ட்டு கேக்காது. ஒரே வழிதான். கை கமலை உருளையில மாட்டிச் செதஞ்சு போச்சு. யாரும் வெட்டல. போலீசுக்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்டுல செல்லாது. வெட்டுப்பட்டவரத் தவிர நேர்ல பாத்த சாட்சி இந்த அம்மா ஒருத்திதான். இவுக ரெண்டு பேரும் அப்பிடிச் சொல்லிட்டா, டாக்டர் என்ன எழுதியிருந்தாலும் கேஸ் நிக்காது."

"கோமதியம்மா கோவிலுக்குப் பக்கத்துல நின்னு பொய் சொல்லணுமா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"கோவிலு அடுத்த தெரு, அம்மா. கோர்ட்டு இங்க."

படியிறங்கும்போது அவள் கணவரிடம் கேட்டாள்: "இங்கேரும், நான் சொல்லட்டுமா?"

"இந்த வருசம் மொளகாய் நிக்கணும்னா சொல்லு."

அவள் சொல்வதென்று முடிவு செய்தாள். கணவருக்காக மட்டுமன்று, வெள்ளத்துரை இல்லாமல் அந்தத் தோட்டம் ஒரு கோடைகூடத் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். உருளை, வடம், கை என்று மனத்துக்குள் வரிசைப்படுத்தி, பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெள்ளத்துரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

விசாரணை நாளன்று கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. இசக்கியம்மாள் கூண்டில் ஏறினாள். சத்தியம் வாங்கினார்கள். அரசுத் தரப்பில், அன்று என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள்.

"எம் புருசன் கமலை இறைச்சிக்கிட்டு இருந்தாவ. உருளையில வடம் சிக்கிக்கிட்டு. எடுக்கப் போன கை, உருளைக்குள்ள…"

"மதினி, வேண்டாம்."

வெள்ளத்துரை நின்றிருந்த எதிரிக் கூண்டிலிருந்து வந்த குரல் அது. பவுல்பாண்டியன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். நடுத்தர வயது, பொறுமையான முகம். "என்ன சொல்கிறாய்?"

"நாந்தான் வெட்டுனேன்யா. அரிவாளால. மதினி என்னையக் காப்பாத்துறதுக்குச் சொல்லுதாவ. ஊர்ல எனக்குத் தண்டன குடுத்திருக்காக. ரெண்டு வருசமா அண்ணாச்சிக்கு நாந்தான் கமலை இறைக்கேன். நீங்க வேணா கேட்டுப் பாருங்க. சாவுற வரைக்கும் இறைப்பேன்."

ஊர்த் தண்டனையைச் சொன்னால் கோர்ட்டு அதைக் கழித்துக்கொள்ளும் என்று அவன் நம்பியிருந்தான். ஓர் இடத்தில் கட்டிய தீர்வையை இன்னோர் இடத்தில் கேட்கமாட்டார்கள் அல்லவா, அதுபோல.

மாஜிஸ்திரேட் அவசரப்படவில்லை. யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு மறுபடி கேட்பதாகவும், அதற்குள் வக்கீலோடு கலந்துகொள்ளலாம் என்றும் சொல்லி எழுந்தார்.

வெளியே டீக்கடைப் பக்கம் வந்ததும் பவுல்பாண்டியன் வெடித்தார். "ஏய்யா, கோர்ட்டு என்ன பண்டமாத்துக் கடையா? தண்ணியக் குடுத்துட்டுத் தண்டனையக் கழிச்சிக்கிடுறதுக்கு? மத்தியானம் உள்ள போயி, வக்கீலு சொன்னதே சரின்னு சொல்லு. இன்னும் நேரம் இருக்கு."

வெள்ளத்துரை தலையைக் குனிந்துகொண்டான்.

இசக்கியம்மாள் அவன் முன்னால் போய் நின்றாள். அந்த வெட்டுக்குப் பிறகு அவள் அவனிடம் நேராகப் பேசியது அதுவே முதல் தடவை.

"ஏலே, எம் புருசனுக்கு ஒரு கைதான் போச்சுன்னு இருந்தேன். இன்னொண்ணையும் நீயே வெட்டுதியா?"

"மதினி, நான் வெட்டலன்னு சொல்லிட்டா, இம்புட்டு நாளு இறைச்ச தண்ணிக்கு என்ன பேரு?"

"தண்ணிக்கு என்னலே பேரு? தண்ணி தண்ணிதான்."

"இல்ல மதினி. கை உருளையில மாட்டிப் போச்சுன்னா, நான் கூலிக்காரன். கூலி வாங்காத கூலிக்காரன். வெட்டுனவன்னு தெனம் காலையில நெனச்சித்தான் வடத்துல ஏறுதேன். அதனாலதான் ஒங்க கஞ்சி தொண்டையில எறங்குது. இல்லன்னு சொல்லிட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அதக் குடிப்பேன்?"

சண்முகையா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கிறுக்குப் பய" என்றார். 

பிற்பகலில் மாஜிஸ்திரேட் மீண்டும் கேட்டார். வெள்ளத்துரை மீண்டும் அதையே சொன்னான். சண்முகையா அனுமதி கேட்டு எழுந்து நின்றார். அவருடைய வலது சட்டைக் கை பின்னால் மடித்துக் குத்தப்பட்டிருந்தது.

"ஐயா, வெட்டுப்பட்டவன் நான். எனக்கே வேண்டாம்னா, யாருக்காக இந்தத் தண்டன?"

"உங்களுக்காக மட்டும் இல்லை. இந்த வழக்கை நடத்துவது சர்க்கார். நீங்கள் அதில் ஒரு சாட்சி. நாளை வேறொரு கிணற்றடியில் அரிவாளை ஓங்குகிறவன், இங்கே நடந்ததை நினைத்துக் கையை இறக்க வேண்டும். அவனுக்காகவும்தான்."

"அவன் யாருன்னே தெரியாதேய்யா. தெரியாதவனுக்காக எங் கமலைய நிறுத்துதீகளே."

 மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரியவரே, இவன் நல்லவன் என்று எனக்குத் தெரிகிறது. இவனை விட்டுவிடுகிறேன் என்று வையுங்கள். அடுத்த மாதம் பணக்காரன் ஒருவன் ஒரு கையை வெட்டிவிட்டு, கூலிக்கு ஆள் வைத்து இறைத்துத் தருகிறேன் என்று வந்து நிற்பான். அவனையும் விட வேண்டும். இறைக்கத் தெம்பில்லாத ஏழை ஒருவன் வெட்டினால், அவன் மட்டும் ஜெயிலுக்குப் போக வேண்டும். அது சரியாக இருக்குமா?"

சண்முகையா யோசித்தார். சரியாக இருக்காதுதான். நின்றபடியே இருந்தார்.

நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் எச்சரித்து விடுவதற்கும் இந்தக் குற்றத்துக்கு இடமில்லை என்று மாஜிஸ்திரேட் சொன்னார். மூன்று வருடம்வரை கொடுக்கத் தமக்கு அதிகாரம் உண்டென்றும், அவனாகவே ஒப்புக்கொண்டதையும் கமலை இறைத்ததையும் எண்ணி இரண்டு வருடக் கடுங்காவல் விதிப்பதாகவும் கூறினார். பிறகு இசக்கியம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, கூண்டில் நின்று பொய் சொன்னதற்கு உங்கள் மேலும் வழக்குப் போடலாம். போடவில்லை. வீட்டுக்குப் போங்கள்."

ஏன் போடவில்லை என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. பொய் சொன்னவள் வீட்டுக்குப் போகிறாள். உண்மை சொன்னவன் வேனில் ஏறுகிறான். அந்த ஐயா தன்மேல் இரக்கம் காட்டினார் என்பது அவளுக்குப் புரிந்தது. இரக்கத்தை எங்கே வைப்பது, தண்டனையை எங்கே வைப்பது என்று அவர் எப்படிப் பிரித்தார் என்பதுதான் புரியவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

வேனில் ஏறும்போது வெள்ளத்துரை திரும்பி, "அண்ணாச்சி, செவலைக்கு எடது காலுல முள்ளுத் தச்சிருக்கு, பாத்துக்கிடும்" என்றான். பேச்சித்தாய் வேனுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள்.

ஊரில் இரண்டு விதமாகவும் பேசிக்கொண்டார்கள். "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்றார் பிச்சையா. ஆனால் அடுத்த நாள் காலையில், இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, முதல் ஆளாக மாடு பூட்டியவரும் அவர்தான். அரை நாள் இறைத்தார். பிறகு படுத்துவிட்டார். கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்தவன் அந்த மாடுகளின் போக்கு தெரியாமல் வடத்தை அறுத்தான். ஆறுமுகச்சாமி தம் பேரனை அனுப்பினார். அவன் சில நாளில் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டான்.

பாளையங்கோட்டைச் சிறைக்குப் போய் மனு எழுதிக் கொடுத்துப் புருஷனைப் பார்த்துவிட்டு வந்த பேச்சித்தாய், நேராக இசக்கியம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

"நல்லாத்தான் இருக்காவ யக்கா. ஒடம்பு கொஞ்சம் வத்திட்டு. அங்கன தோட்ட வேலையாம். செயிலுக்குக் கத்தரிக்கா போட்டிருக்காகளாம். தண்ணி இறைச்சு ஊத்துறது இவுக வேலையாம்."

சண்முகையா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "என்னது? தண்ணியா இறைக்கான்?"

"ஆமா மாமா."

"கேட்டியாட்டி இசக்கி. நம்ம மொளகாய்க்கு இறைச்சா அது தண்டன இல்லியாம். சர்க்காரு கத்தரிக்காய்க்கு இறைச்சாத்தான் தண்டனையாம்."

அவர் சிரிக்கத்தான் தொடங்கினார். இருமலில் போய் முடிந்தது. இசக்கியம்மாள் பேச்சித்தாய்க்குச் சோறு போட்டாள். "எம்புட்டு மெலிஞ்சிருக்கான்?" என்று கேட்டாள். பேச்சித்தாய் தன் மணிக்கட்டைக் காட்டினாள்.

சித்திரையில் பேச்சித்தாய் செவலையை விற்றாள். வேறு வழியில்லை. வாங்க வந்த சிவகிரி வியாபாரி கயிற்றைப் பிடித்தபோது, மயிலை தொழுவத்திலிருந்து கத்தியது. அதற்குப் புதுச் சோடி தேடினார்கள். இரண்டு மாடுகளைக் கொண்டுவந்து பூட்டிப் பார்த்தார்கள். மயிலை கிணற்றடி வரை வரும், சரிவில் இறங்காது, நுகத்தைக் கழற்றிவிட்டு நிற்கும்.

வெள்ளத்துரை நன்னடத்தைக் கழிவு போகத் தண்டனை முடிந்து, எண்பத்தொன்றாம் வருடம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாகச் சங்கரன்கோவிலில் வந்து இறங்கினான். ஊருக்கு நடந்தே வந்து, நேராகச் சண்முகையா வீட்டு வாசலில் நின்றான்.

"வாலே. கஞ்சி குடிக்கியா?" என்றார் சண்முகையா.

"இறைச்சிட்டு வந்து குடிக்கேன் அண்ணாச்சி. மாட்ட அவுக்கட்டுமா?"

இசக்கியம்மாள்தான் பதில் சொன்னாள். "எந்த மாட்டய்யா அவுக்கப் போற? எந்தத் தோட்டத்துக்கு இறைக்கப் போற? உள்ள வந்து உக்காரு."

அவன் உள்ளே வரவில்லை. கிணற்றடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

போனவை இவை. சண்முகையாவின் வலது கை. இரண்டு கோடையின் மிளகாய். செவலைக் காளை, பிறகு சும்மா நிற்பதற்குத் தீனி போட இயலாமல், பாம்புக்கோவில் சந்தையில் கைமாறிய மயிலைக் காளை. அறுந்த வடம் ஒன்று. தூர் வாராமல் மண் சரிந்து மூடிய கிணற்றின் பாதி ஆழம். வெள்ளத்துரையின் தோட்டம், வேறொருவர் பேருக்கு. வெள்ளத்துரை வெளியூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போனதால் பேச்சித்தாய் இந்த ஊரில் வைத்திருந்த குடித்தனம். கூண்டில் நின்று இசக்கியம்மாள் செய்த சத்தியம். அந்தப் பக்கத்தில் அதற்குப் பின்னும் வேறொரு கிணற்றடியில் ஓங்கிய அரிவாளால் போன ஓர் உயிர்.